பவரை ஏற்றுவது எளிது, சூட்டை அடக்குவதுதான் தொழில்

"காடிக்குப் பவர் ஏத்தணும், அண்ணே."

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பட்டறையை நடத்தும் அண்ணன் உடனே விலை சொல்ல மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். தினமும் எங்கே ஓட்டுறீங்க? என்ன எண்ணெய் ஊத்துறீங்க? டைமிங் பெல்ட் கடைசியா எப்போ மாத்துனீங்க? மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் வந்த பிறகுதான் பானெட் திறக்கும். டர்போ, கேம், ஈசியூ என்று பேச வந்தவரிடம் பெல்ட்டைப் பற்றிக் கேட்டால் முகம் சுண்டத்தானே செய்யும்! வருகிற வியாபாரத்தை இவர் விரட்டுகிறாரோ என்றுகூட எனக்குப் பட்டதுண்டு. கூடவே இருந்து வேலை பழகிய பிறகு, அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் கவலை ஒன்றே ஒன்றுதான் என்று புரிந்தது. இந்த எஞ்சின் எவ்வளவு சூடு தாங்கும்?

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவன். எஸ்பிஎம் முடித்து, வாகனத் துறையில் எஸ்கேஎம் சான்றிதழும் வாங்கிக்கொண்டு, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்கு வேலைக்குப் போனேன். பட்டறை மேரு பக்கம். அண்ணன் காப்பார் தோட்டத்துப் பிள்ளை. அவருடைய அப்பா தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற ஃபோர்மேன் வேலை தெரியாதவன் டியூனிங்கில் கை வைக்கக் கூடாது என்பது அண்ணன் கட்சி. ஆகவே லேப்டாப் பக்கமே விடாமல் முதலில் என் கையில் அவர் கொடுத்தது கம்ப்ரஷன் கேஜ்.

எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலும் தீப்பொறியும் வராதபடி நிறுத்திவிட்டு, ஒருவர் எக்ஸலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜ் முள்ளைப் பார்த்துக் குறிக்க வேண்டும். 180 பிஎஸ்ஐ வந்ததா, 170 வந்ததா என்பது இரண்டாம் பட்சம். நான்குக்கும் நடுவே பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் அன்றைக்கு டியூனிங் பேச்சே கிடையாது. குறைகிற சிலிண்டரில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுற்றுவோம். முள் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். அதற்கடுத்து ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், விசிறி, ஹோஸ். பல மாதம் எனக்கு இதுதான் வேலை. நண்பர்கள் "டர்போ பூட்டினியா?" என்று கேட்பார்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையத்தைச் சோதித்தேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இந்தச் சோதனைகளுக்குக் காரணம் இருக்கிறது. எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிராங்கைச் சுற்றுகிறது. மீதியில் பெரும்பகுதி எக்ஸாஸ்ட் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. ஐம்பது குதிரைத்திறன் கூட்டினால் கூடவே அதைப்போல் இரு மடங்கு சூட்டையும் அதே இரும்புக்குள் கூட்டுகிறோம். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியம், சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம், அதன் தலையை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய வாயுப் படலம்தான். அது சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. நாக்கிங் வரும்போது என்ன நடக்கிறதென்றால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. அந்த அழுத்த அலை இந்தப் படலத்தை அடித்துக் கலைத்துவிடுகிறது. அதன் பிறகு பிஸ்டன் நெருப்பில் நேரடியாக நிற்கிறது.

அதை நான் கண்ணால் பார்த்தது ஒரு சத்ரியா ஜிடிஐயில். 1998-இல் புரோட்டோன் வெளியிட்ட கார், 1.8 லிட்டர் 4ஜி93 எஞ்சின், டர்போ இல்லாமல் 138 குதிரைத்திறன். இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த அதன் சொந்தக்காரர், வேறொரு பட்டறையில் டியூன் செய்ததாகவும், கொஞ்ச நாள் பறந்த கார் இப்போது மேல் ஆர்பிஎம்மில் இழுக்க மறுப்பதாகவும் சொன்னார். அண்ணன் பிளக்குகளைக் கழற்றச் சொல்லி, வரிசை மாறாமல் வெள்ளைத் துணியில் அடுக்கினார். பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"மூணாவதப் பாருடா."

பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத் தூளைவிடப் பொடியாகச் சில துகள்கள். வெளிச்சத்தில் திருப்பினால் மினுக்கின. கார்பன் என்றால் கறுப்பாக மங்கி இருக்கும், இது மினுங்கியது. பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்த அலுமினியம். பிளக்கின் வளைந்த கம்பியில் சூடு பட்டு நிறம் மாறிய கோடு அடிப்பகுதி வரை இறங்கியிருந்தது. அந்தக் கோடு கம்பியின் வளைவுக்கு அருகே நின்றால் தீப்பொறி விழும் நேரமான டைமிங் சரி. அடி மரை வரை இறங்கினால் தீப்பொறி மிகவும் முன்கூட்டியே விழுகிறது. மற்ற மூன்று பிளக்கும் நல்ல பழுப்பு நிறம். அண்ணன் டைமிங் லைட்டைக் கிராங் புல்லி மேல் அடித்தார். லேப்டாப் காட்டிய டிகிரியும் புல்லியில் தெரிந்த கோடும் பொருந்தவில்லை. அடிப்படை டைமிங்கைச் சரிபார்க்காமலே எஞ்சின் கணினியான ஈசியூவில் மேலே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரையில் 24 என்றால் எஞ்சினுக்குள் அதைவிட அதிகம். அன்று முதல், எந்தக் கார் வந்தாலும் என் முதல் வேலை திரையில் இருக்கும் எண்ணும் புல்லியில் இருக்கும் கோடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

இனி, பவர் என்றால் என்ன என்ற கணக்கு. அண்ணன் அதைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார். நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். ஒரு 1.6 எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் 150 நியூட்டன் மீட்டர் தந்தால் 126 குதிரைத்திறன். அதே 150-ஐ 7500 ஆர்பிஎம் வரை விடாமல் பிடித்துவைத்தால் 158. 6000-த்திலேயே நின்று டார்க்கை 200 ஆக்கினால் 169. டர்போ இல்லாத எஞ்சினுக்கு முதல் வழி, டர்போவுக்கு இரண்டாவது. என்ன சாமான் வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் அது உதவ முடியும்.

முதல் வழியில் பணம் நிறையப் போகும், பலன் மெல்ல வரும். டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றின் அழுத்தத்தை நம்பித்தான் மூச்சு விடுகிறது. எங்கள் பட்டறைக்கு அதிகம் வருவது கேம்ப்ரோ. லோட்டஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புரோட்டோன் உருவாக்கி, 2004-இல் ஜென்2 காரில் வெளிவந்த எஞ்சின். 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். ஓட்டினவர்கள் எல்லோருக்கும் அதன் குறை தெரியும். ஏறிக்கொண்டே வந்த இழுவை 3000 ஆர்பிஎம்மைச் சுற்றி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் லோரியை முந்தப் போகும்போது சரியாக அந்தப் பள்ளத்தில்தான் நிற்போம். புரோட்டோனே 2008-இல் சிபிஎஸ் வகையைக் கொண்டுவந்து இதைச் சரிசெய்தது. கீழ் ஆர்பிஎம்மில் காற்று நீளமான குழாய் வழியாகவும், மேலே போனதும் குட்டையான குழாய் வழியாகவும் நுழையும். வால்வைத் திறக்கும் கேமின் வடிவமும் மாறும். 125 குதிரைத்திறன் வந்தது.

பழைய கேம்ப்ரோவுக்குப் பெரிய கேம் கேட்டு வருகிறவர்களிடம் அண்ணன் இந்தப் பள்ளத்தை நினைவூட்டுவார். வால்வு நெடுநேரம் திறந்திருக்கும் கேம், 6500-க்கு மேல் நன்றாக மூச்சு விடும்; 3000-த்தில் உள்ளே வந்த காற்றைத் திருப்பித் துப்பும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற காருக்கு 4-2-1 எக்ஸ்ட்ராக்டர், சீரான ஈசியூ மேப், சரியான பிளக் இவ்வளவு போதும். "7500 வரைக்கும் போகணும்" என்று அடம் பிடித்தால் இன்னொரு கணக்கையும் சுவரில் எழுதுவார். கேம்ப்ரோவின் ஸ்ட்ரோக் 88 மில்லிமீட்டர். 7500-இல் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 22 மீட்டர். வால்வு ஸ்பிரிங், ரோட் போல்ட் எல்லாம் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். விலையைக் கூட்டிப் பார்த்ததும் பலர் எக்ஸ்ட்ராக்டரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

சூட்டைப் பற்றிச் சொன்னேன். நம் ஊர்க் காற்றே பாதி வில்லன். 15 டிகிரியில் உலர்ந்த காற்றோடு ஒப்பிட்டால், 33 டிகிரி பிற்பகலில் கிள்ளானின் ஈரக் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 விழுக்காடு ஆக்சிஜன் குறைவு. சூட்டால் காற்று விரிவது ஒரு பங்கு, நீராவி இடத்தை அடைத்துக்கொள்வது இன்னொரு பங்கு. எஞ்சின் ஒன்றும் செய்வதற்கு முன்பே அவ்வளவு பவர் போய்விட்டது. அதனால்தான் ஏர் ஃபில்டரைப் பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டிவிட்டு, சத்தம் கூடியதைப் பவர் கூடியதாக நினைப்பது வீண். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சூடான காற்றையே அது உறிஞ்சும். அண்ணன் பம்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குழாய் இழுத்து, ஃபில்டரைச் சுற்றி அலுமினியத் தகட்டில் பெட்டி செய்வார். தகடு வெட்டுவதும் மடிப்பதும் என் வேலை. பார்க்க அழகாக இருக்காது. தெர்மோமீட்டர் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

இந்த வட்டாரத்தில் டியூனிங் வளர்ந்ததற்கு ஹாஃப்கட் கடைகள் பெரிய காரணம். ஜப்பானில் கழித்த கார்களின் முன் பாதியை அறுத்து, எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், ஈசியூ எல்லாம் சேர்த்துக் கொண்டுவந்து விற்பார்கள். கெடாய் போத்தோங் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். வீரா காருக்குள் 1.6 லிட்டர் 4ஜி92 மைவெக்; அது டர்போ இல்லாமலே 175 குதிரை. கஞ்சிலுக்குள் டைஹட்சு 660 டர்போ. மைவிக்குள் கே3-விஈடி. வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. அந்த ஈசியூ ஜப்பானின் காற்றுக்கும் ஜப்பானின் எண்ணெய்க்கும் எழுதப்பட்டது. அங்கே ஹைஆக்டேன் என்றால் ஆக்டேன் எண் 100-ஐ ஒட்டி இருக்கும். இங்கே எண்ணெய் நிலையத்தில் பெரும்பாலோர் ஊற்றுவது 95, வசதி இருந்தால் 97. ஆக்டேன் எண் குறையக் குறைய நாக்கிங் சீக்கிரம் வரும். அங்கே பாதுகாப்பாக இருந்த டைமிங் இங்கே பிஸ்டனைத் தின்னும். அண்ணனின் இரண்டாவது கேள்வி, என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்பது, இதற்காகத்தான். 97 ஊற்றுவேன் என்று சொல்லி டியூன் செய்துகொண்டு, மாதக் கடைசியில் 95 ஊற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை நம்பாமல், 95-க்கே மேப் எழுதிக் கொடுப்பார் அண்ணன்.

டர்போவில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். பழைய மைவியின் 1.3 எஞ்சினும் கே3-விஈடியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முன்னது 87 குதிரை. டர்போ வைத்த பின்னது, டைஹட்சு ஒய்ஆர்வியில் வந்தது, 140. காற்றை அமுக்கினால் சூடேறும். சைக்கிள் பம்ப் பிடித்த யாருக்கும் அது தெரியும். 33 டிகிரி காற்றை 0.7 பார் பூஸ்டுக்கு அமுக்கினால், டர்போவின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும்போது 105 டிகிரியைத் தொடும். இன்டர்கூலர் அதை 50-க்குப் பக்கம் இறக்கினால்தான் பூஸ்ட்டுக்கு அர்த்தம். பூஸ்ட் கன்ட்ரோலரைத் திருகினால் எண் ஏறும், இன்டர்கூலர் வளராது. பெட்ரோலும் சூட்டை இழுக்கிறது. முழுக்க எரிய 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ எஞ்சினை முழு மிதியில் 11.5-க்கும் 12-க்கும் நடுவே ஓட்டுவோம். கூடுதல் எண்ணெய் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி தரும். அவ்வளவு எண்ணெய் தர இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் தெம்பு வேண்டும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் அண்ணன் பூஸ்ட்டைக் கூட்ட மாட்டார். பிளக்கும் ஒரு படி குளிர்ந்ததாக மாறும். என்ஜிகேயில் 6 இருந்தால் 7. அதன் இடைவெளியையும் 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.8 அல்லது 0.7-க்குக் குறைப்போம், அமுங்கிய கலவையில் பொறி அணையாமல் இருக்க.

இதையெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் பவரை அளக்கும் டைனோ. நாங்கள் வாடகைக்கு எடுக்கும் டைனோவில் இரவு நேரத்தில் கூலி சற்றுக் குறைவு. காரை உருளை மேல் ஏற்றிப் பட்டைகளால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவது என் பொறுப்பு. பெரிய விசிறி முன்னால் ஓடும். ஐந்து கியர் வண்டி என்றால் நான்காவது கியரில் இழுப்பார்கள். நேர் விகிதத்துக்கு நெருக்கமானது அதுதான். எஞ்சின் பிளாக்கில் ஒரு செப்புக் குழாயின் தட்டையாக்கிய முனையைப் போல்ட் போட்டு, அதிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து, காது மூடிக்குள் விட்டிருப்போம். அதை மாட்டிக்கொண்டால் எஞ்சினுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல் கேட்கும். நாக்கிங்கின் சுருதி சிலிண்டரின் அகலத்தைப் பொறுத்தது. 81 மில்லிமீட்டர் கொண்ட 4ஜி93-இல் 7 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வரும். எனக்கு எல்லாமே இரைச்சலாகத்தான் முதலில் கேட்டது. அண்ணன் வேண்டுமென்றே, குறைந்த பாரத்தில், ஒரு கணம் டைமிங்கைக் கூட்டிக் காட்டினார். இரைச்சலுக்கு நடுவே கிட்கிட் என்று காய்ந்த ஒரு சத்தம், மற்ற எந்தச் சத்தத்தோடும் ஒட்டாமல். ஒரு தடவை பிடிபட்டால் பிறகு தவறவே தவறாது.

6000 ஆர்பிஎம்மில் டைமிங்கை 24-இலிருந்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுவார். 25, 26, 27. டார்க் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். 28-இல் ஒன்றும் ஏறாது, அல்லது காதில் அந்தச் சத்தம் கேட்கும். நான் கையைத் தூக்குவேன். அண்ணன் 26-க்கு இறக்கி எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே, "அண்ணே, 27-ல இன்னும் ரெண்டு குதிரை இருந்துச்சே!" என்பார்.

"இருந்துச்சு. இங்க விசிறி ஓடுது, மணி பத்து. நாளைக்கு மத்தியானம் கெசாஸ்ல ஜாம்ல நின்னுட்டு டோல் தாண்டி மிதிப்பீங்கல்ல, அதுக்கு அந்த ரெண்டையும் எடுத்து வெச்சிருக்கேன்."

டைனோ தாளையும் படிக்கப் பழகினேன். அதில் உள்ள எண், காற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஈடு செய்து எழுதப்பட்டது. எந்த முறையில் ஈடு செய்தார்கள் என்பதை மாற்றினாலே, எஞ்சினைத் தொடாமல், எண் நான்கு விழுக்காடு வரை கூடிவிடும். ஆகவே இன்னொரு கடைத் தாளோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவது நேர விரயம். அதே டைனோவில், அதே முறையில், முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகள்தான் பேசும். அண்ணன் உச்சி எண்ணைப் பார்ப்பதற்கு முன் நடுக்கோட்டைப் பார்ப்பார். பட்டறைச் சுவரில் கரம்ஜித் சிங்கின் படம் இருக்கிறது. 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரேலியின் புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டத்தை வென்ற நம் நாட்டுக்காரர். அந்தப் பிரிவில் டர்போவின் மூச்சுக்குழாயை 32 மில்லிமீட்டருக்குச் சுருக்கிவிட்டிருந்தார்கள். உச்சிப் பவருக்கு யாருக்கும் வழியிருக்கவில்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது நடு ஆர்பிஎம்மில் யார் எஞ்சின் இழுக்கிறது என்பதில்தான் போட்டி இருந்தது. சுவரைக் காட்டி இதைச் சொன்னால், உச்சி எண்ணுக்காகவே வந்த இளைஞர்கள்கூட அமைதியாகிவிடுவார்கள்.

காகித வேலையும் தொழிலில் சேர்ந்ததுதான். எஞ்சின் மாற்றினால் வாகனப் பரிசோதனையும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவும் வேண்டும். பதிவுச் சான்றிதழான கெரானில் உள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் சாலைத் தடுப்பில் மாட்டும்போது பவர் உதவாது. விபத்து என்றால் காப்புறுதிக்காரர்களும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். வேகத்தைச் சோதிக்க ஆசைப்படுகிறவர்களை அண்ணன் சிப்பாங்குக்கு அனுப்புவார். 1999-இல் திறந்த அந்தப் பந்தயச் சாலையில் சாதாரணக் கார்களை ஓட்டவும் நாள் ஒதுக்குகிறார்கள். ஒரு சுற்று ஐந்தரைக் கிலோமீட்டர். நாலு சுற்று முழு மிதியில் ஓடித் திரும்பும்போது கூலன்ட் முள்ளும் ஆயில் சூடும் எங்கே நிற்கின்றன என்பது எங்கள் வேலைக்கு வருகிற பரீட்சை முடிவு.

இப்போது எனக்கு லேப்டாப் கிடைத்துவிட்டது. ஐட்லிங், குளிர் ஸ்டார்ட், லேசான மிதி ஆகிய கட்டங்களை நான் எழுதுகிறேன். முழு மிதிக் கட்டங்களை அண்ணன் எழுதுகிறார், நான் காது கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மென்பொருளை யாரும் சில வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பிளக், கேஜ், தெர்மோமீட்டர் மூன்றும் சொல்வதைக் கேட்கப் பழகத்தான் நாள் பிடிக்கும். பள்ளியில் இயற்பியல் பாடத்தைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். பிறகு பட்டறைச் சுவரில் சாக்பீஸால் அதையே படிக்க வேண்டிவரும்.

காரை டியூனிங்குக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை குதிரை ஏறும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தப் பட்டறைக்காரரும் ஒரு எண் சொல்லிவிடுவார். எந்த எண்ணெய்க்கு, எந்தச் சூட்டுக்கு மேப் எழுதுவீர்கள், எத்தனை டிகிரி விட்டுவைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்கலாம்.